இரண்டு லிட்டர் டீசலும் பாளையம்பட்டி மருமகளும்

டீசல் வண்டி கேட்டு வருகிறவர் தினமும் எந்தச் சாலையில், எவ்வளவு தூரம் ஓட்டப்போகிறார் என்று கேட்காமல் இன்ஜினைப் பரிந்துரைக்கக் கூடாது. ஓட்டம் ஊருக்குள்ளேயே முடிந்துவிடுமானால் பெட்ரோலைத்தான் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் பணிமனையைப் பார்த்துக்கொள்ளும் ஒர்க்ஸ் மேனேஜரைக் கலந்தாலோசிக்க வேண்டும். அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்த்த கார் ஷோரூமின் விற்பனை விதி இது. ஒர்க்ஸ் மேனேஜர் நான்தான். விற்பனைப் பிரிவுக்காரர்கள் என்னைக் கலந்தாலோசித்தது பெரும்பாலும் டீ சொல்லும்போது.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்னும் ஓர் இடத்தில் உட்கார வரவில்லை. தெருவில் ஒரு டீசல் வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தால், சாப்பாட்டை விட்டு எழுந்துபோய்ப் பார்க்கிறேன். வீட்டில் திட்டு விழுகிறது. அதற்கு இதை எழுதுவது மேல். பெரிய குடும்ப வண்டிக்கு எந்த இன்ஜின் என்று கேட்கிறவர்களுக்கும், புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கும் பயன்படலாம்.

1. எது பெருசு?

சௌந்தரபாண்டி திருச்சுழிக்கு அந்தப் பக்கம் மானாவாரியில் கொத்தமல்லியும் பருத்தியும் போடுகிறவர். ஒரே மகள் பவித்ரா. விருதுநகரில் ஒரு நூற்பாலையில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். பாளையம்பட்டியில் மாப்பிள்ளை அமைந்ததும் வேலையை விட்டுவிட்டாள். 'விட்டுட்டா' என்றுதான் தகப்பனார் சொன்னார். யார் விடச் சொன்னது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தை மாதக் கல்யாணத்துக்கு ஏழு பேர் உட்காரும் வண்டி வேண்டும் என்று மச்சினனோடு வந்திருந்தார். அந்த மாடலில் இரண்டு இன்ஜின்கள். ஒன்றரை லிட்டர் டர்போ பெட்ரோல் ஒன்று, இரண்டு லிட்டர் டீசல் ஒன்று. விற்பனைப் பையன் லீவு. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

"சார், இதுல எது பெருசு?"

"டீசல் பெருசு. ஆனா குதிரைத் திறன்ல ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். மலை ஏறணும், லோடு இழுக்கணும், தினம் மதுரைக்குப் போய் வரணும்னா டீசல் எடுக்கலாம். மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"பஜார்ல நூல் கடை. அப்பாவும் மகனுமா பாக்குறாக."

"வீடு பாளையம்பட்டி. அப்ப இன்ஜின் சூடாகுறதுக்குள்ள கடை வந்துரும். பெட்ரோல் எடுங்க. விலையும் கம்மி."

மச்சினன் எழுந்துபோய் ஷோரூம் வண்டியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். "மாமா, டீசல்னா இங்கன எழுதியிருக்கும். பெட்ரோல்னா ஒண்ணுமே இருக்காது" என்றார்.

இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாண மண்டப வாசலில் சீர் வண்டியை மாலை போட்டு நிறுத்துவார்கள். வருகிறவர்கள் முன்பக்கம் பார்த்துச் சிரித்துவிட்டுப் பின்பக்கம் போய்ப் படிப்பார்கள். அப்புறம்தான் பந்திக்குப் போவார்கள்.

"சம்பந்தி வீட்டுல ரெண்டாயிரம் சிசின்னு சொல்லியிருக்காக சார்" என்றார் சௌந்தரபாண்டி. "கொறச்சு எடுத்தா எம்புள்ளைக்குத்தான் பேச்சு விழும்."

"கேட்டாங்களா?"

"கேக்கல. உங்க பொண்ணுக்குத்தான செய்யிறீகன்னாக."

வரதட்சணை கேட்பது சட்டப்படி குற்றம். அதனால் எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. சிசியை மட்டும் சொல்லிவிடுவார்கள்.

டீசலே எடுத்தார். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். மாப்பிள்ளை செந்திலின் ஆதாரில் பழைய முகவரி இருந்தது. அதை மாற்றிவிட்டுப் பதிந்தால் முகூர்த்தத்துக்குள் நம்பர் வராது. பெண் பெயரில் பதியச் சொன்னேன். நடைமுறை என்பது ஆளை அலைக்கழிக்க மட்டும் ஏற்பட்டதல்ல.

2. மத்தியானத் தூக்கம்

சித்திரையில் வண்டி என்னிடம் வந்தது. ஓட்டி வந்தவர் மாப்பிள்ளையின் அப்பா, நூல் கடை தங்கவேல்.

"மேனேஜர் சார், மஞ்ச லைட்டு எரியுது. ஆக்சிலேட்டர மிதிச்சா எருமை மாதிரி நகருது. இதுக்குப் பேரு ரெண்டாயிரம் சிசியா?"

இப்போதைய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்க டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி உண்டு. பிடித்த கரியை அது தானே எரித்துக்கொள்ளும். அதற்கு வண்டி ஒரே வேகத்தில் இருபது நிமிடமாவது ஓட வேண்டும். வீட்டுக்கும் கடைக்குமாக ஓட்டினால் கரி சேர்ந்துகொண்டே போகும், எரியாது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். பெட்ரோல் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

"தினம் எங்க ஓடுது?" என்று கேட்டேன்.

"வீட்டுலருந்து கடை, கடையிலருந்து வீடு."

"வேற?"

"மத்தியானம் செத்த நேரம் வண்டியில படுப்பேன்."

"நிக்கிற வண்டியிலயா?"

"ஏசியப் போட்டுக்கிட்டுத்தான். கடையில வெக்கை தாங்கல சார்."

"வீட்டுல போய் ஏசியில படுக்கலாம்ல?"

"வீட்டுல ஏசியா? கரண்டு பில்லு யாரு கட்டுறது?"

இதற்கு எங்கள் சர்வீஸ் மேனுவலில் பதில் இல்லை. ஏழு பேரைச் சுமந்துகொண்டு மலை ஏறுவதற்காகச் செய்யப்பட்ட இன்ஜின், ஒரே மனிதர் குறட்டை விடுவதற்காகப் பஜார் சந்தில் தினமும் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் விளக்கமாகச் சொன்னேன். தலையாட்டினார். பணிமனையில் கோளாறு பார்க்கும் ஸ்கேனரை மாட்டிக் கரியை எரித்து அனுப்பினோம். கொஞ்ச நாளில் லைட் மறுபடி வந்தது. மறுபடி எரித்தோம். மூன்றாவது தடவை அவர் சாவியை என் மேஜையில் எறிந்தார்.

"ஓட்டை வண்டியத் தலையில கட்டிட்டாரு சம்பந்தி. இது சரியாகி வர்ற அன்னைக்கு மருமகளும் வரட்டும்."

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் பவித்ராவைத் திருச்சுழி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

3. கடிதம் போன திசை

வாரண்டியில் வடிகட்டியை மாற்றிக் கொடுக்கலாமா என்று கம்பெனிக்கு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். அதற்கும் இல்லை. கம்ப்யூட்டரைத் திறப்பதும் மூடுவதுமாகவே என் பொழுது போயிற்று. வண்டி பணிமனையில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. மெக்கானிக்குகள் அதைச் சுற்றிச் சுற்றிப் போனார்கள்.

சௌந்தரபாண்டி பஸ் பிடித்து வந்துவிடுவார். உட்காருவார், எழுந்திருப்பார், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து மறுபடி உட்காருவார்.

"கம்பெனி தப்புன்னு எழுதிக் குடுங்க சார். புது வண்டி குடுத்துருவாகள்ல?"

"வண்டியில தப்பு இல்லையே."

"அப்ப ஓட்டுறவுக தப்புன்னு எழுதுங்க."

"எழுதிட்டா, உங்க சம்பந்தி பொண்ணைக் கூப்பிட வருவாரா?"

அவர் மறுபடி எழுந்துபோய் வண்டியைச் சுற்றினார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"பாப்பா எப்பப் போகும்னு ஊருல கேக்குறாக. ஆடிக்குக் கூட்டியாந்தேன்னு சொன்னேன். 'வைகாசியே முடியலையே, அதுக்குள்ள எங்கிட்டிருந்துய்யா வந்துச்சு ஆடி'ங்கிறாக."

புது மணப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பது ஆடியில்தான். அந்த மனிதர் இரண்டு மாதத்தை முன்கூட்டியே செலவழித்துக்கொண்டிருந்தார்.

4. உரிமையாளர் கையெழுத்து

பணிமனையில் எரித்தது நிலைக்கவில்லை என்றால் வண்டியை நெடுஞ்சாலையில் நீளமாக ஓட்டி எரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு உரிமையாளர் ஜாப் கார்டு என்கிற வேலைச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஆர்.சி.யில் இருப்பவர் பவித்ரா. வரச் சொன்னேன்.

வந்தாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஜாப் கார்டைப் படித்தாள். என் சர்வீஸில் அதைப் படித்த வாடிக்கையாளர்கள் குறைவு.

"நானும் வரலாமா சார்?"

"லைசென்ஸ் இருக்கா?"

"இருக்கு. ஓட்டுறியான்னுதான் யாரும் கேக்கல."

அவளையே ஓட்டச் சொன்னேன். நான் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். விருதுநகர் ரோட்டில் ஏறி, பாலவனத்தம் தாண்டியபோது கரி எரிய ஆரம்பித்தது. ஸ்கேனரில் அளவு இறங்கிக்கொண்டே வந்தது.

"எங்க மில்லு பஸ்ஸு இந்த ரோட்டுலதான் சார் போகும்" என்றாள்.

"வேகத்தைக் குறைக்காதம்மா. எரிஞ்சுக்கிட்டிருக்கு."

"குறைக்கல சார்."

விருதுநகர் வருவதற்குள் லைட் அணைந்தது. நான் சொல்லும் முன்பே அவள் பார்த்துவிட்டாள்.

"தினம் இப்படி ஓடினா?"

"லைட்டே வராது."

"அத எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுதுறதுதான் என் வேலை."

வண்டியை அருப்புக்கோட்டைப் பக்கம் திருப்பினாள். "யாரு ஓட்டணும்னு எழுத வேண்டாம் சார். ஓடணும்னு மட்டும் எழுதுங்க."

5. யோசிச்சுச் சொல்றேன்

வண்டி தயார் என்றதும் தங்கவேலும் செந்திலும் வந்தார்கள். சௌந்தரபாண்டி மகளோடு முன்னதாகவே வந்து நின்றுகொண்டிருந்தார். என் குறிப்பை வாசித்தேன். வண்டியில் குறை இல்லை. தினமும் நாற்பது கிலோமீட்டராவது நெடுஞ்சாலையில் ஓட வேண்டும். நிறுத்தியபடி இன்ஜினை ஓட்டக் கூடாது.

"தினம் நாப்பதா? யாரு சார் ஓட்டுறது? கடைய யாரு பாக்குறது?" என்றார் தங்கவேல்.

"அது என் குறிப்புல வராது."

"டீசலு?"

"அதுவும் வராது."

செந்தில் மெதுவாகச் சொன்னான். "அப்பா, பேசாம இத வித்துட்டு பெட்ரோல் வண்டி எடுத்துருவோமா?"

"ஏலே, ரெண்டாயிரம் சிசிய வித்துட்டு ஆயிரத்தி ஐந்நூறு எடுத்தா பஜாருல என்னைய என்ன நெனப்பாக? கடை நொடிச்சுப் போச்சும்பாக."

பவித்ரா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நான் ஓட்டுறேன் மாமா. மில்லுல கேட்டேன், மறுபடி வரச் சொல்றாக. போக வர நாப்பது ஆயிரும். டீசலு என் சம்பளத்துல போட்டுக்கிறேன்."

"பொம்பளப்புள்ள அம்புட்டுத் தூரம் தனியாவா?"

"வண்டி இருக்குல்ல மாமா. சும்மாவா, ரெண்டாயிரம் சிசி."

ஒரு மெக்கானிக் இருமினான். தங்கவேல் அவனை முறைத்துவிட்டு, கடைசியில் மனதில் இருந்ததைக் கேட்டார்.

"அப்ப மத்தியானம் நான் எங்க படுக்குறது?"

"வீட்டுல ஏசி மாட்டிருவோம்ப்பா" என்றான் செந்தில். இந்த விவகாரம் முழுவதிலும் அந்தப் பையன் உருப்படியாகச் சொன்னது அது ஒன்றுதான். ஆனாலும் சொன்னான்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று தங்கவேல் கிளம்பிவிட்டார். வண்டியையும் எடுக்கவில்லை, மருமகளையும் கூப்பிடவில்லை.

"அவுக சொல்றவரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும் பாப்பா" என்றார் சௌந்தரபாண்டி.

"வண்டி எம்பேருலதானப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எங்க சார் கையெழுத்துப் போடணும்?"

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து தகப்பன் வீட்டிலிருந்தே மில்லுக்கு ஓட்டினாள். வழி அருப்புக்கோட்டைக்குள்தான். காலையும் மாலையும் வண்டி ஊரைக் கடந்தது. நானும் ஷோரூம் கேட்டுக்கு வந்து நின்று, மஞ்சள் லைட் தெரியாது என்று தெரிந்தும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் வாங்க வருகிறவர்கள் தங்கவேலிடம், "உங்க மருமக வண்டி போகுதே, எங்க போறாக?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் பல பதில்கள் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஆனி பாதியில் என்னிடமே வந்தார்.

"சார், அவுக அப்பன் வீட்டுலருந்து வேலைக்குப் போனா எம்பேருல்ல கெடுது? எங்க வீட்டுலருந்தே போகட்டும். தூரம் பத்துமா, லைட்டு வராதுல்ல?"

"வராது."

"அப்ப நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"அது ஒர்க்ஸ் மேனேஜர் வேலையில்லை. நீங்க போய்க் கூப்பிடணும்."

போனார். வீட்டில் ஏசி மாட்டிய பிறகுதான் போனார் என்று செந்தில் சொன்னான்.

6. பதில்

அந்த வருட ஆடிக்கு அவளை முறைப்படி தாய்வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். அங்கிருந்து மில்லுக்குப் போகிற வழியில் ஆயில் மாற்ற வண்டியை விட வந்தாள். அன்று காலைதான் கம்பெனியின் பதில் கடிதமாக வந்திருந்தது. வாடிக்கையாளரின் ஓட்டம் குறுகிய தூரம் என்பதால் வாரண்டி பொருந்தாது. இத்தகைய ஓட்டத்துக்கு ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இன்ஜினே ஏற்றது என்பதை விற்பனைக்கு முன்பே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். உரிமையாளர் என்பதால் அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"சரியாத்தான எழுதியிருக்காக சார்?"

"சரிதான். அன்னைக்கு உங்க அப்பாட்ட நானும் இதைத்தான் சொன்னேன்."

"நல்லவேளை, அவரு கேக்கல" என்றாள். "பெட்ரோலு எடுத்திருந்தா அது பாட்டுக்கு ஒரு குறையுமில்லாம கடைக்குப் போய்ட்டு வந்துக்கிட்டு இருந்திருக்கும். நானும் வீட்டுல இருந்திருப்பேன்."

இன்ஜின் விஷயத்தில் நான் தப்பாகச் சொல்லவில்லை. இன்று கேட்டாலும் ஊருக்குள் ஓட்டுகிறவருக்குப் பெட்ரோல்தான் சொல்வேன். ஆனால் அதற்கு முன், வீட்டில் யார் யாருக்கு லைசென்ஸ் இருக்கிறது, அவர்கள் எங்கே போக ஆசைப்படுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். விதியில் அந்தக் கேள்வி கிடையாது. சேர்க்கச் சொல்லி எழுதினேன், பதில் வரவில்லை.

அவள் மில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். நான் கடிதத்தில் முத்திரை குத்தினேன். பெறப்பட்டது, ஆகஸ்ட் 3.