எறும்பு தூக்கிப்போன சிட்டிகை

எனக்கு இருக்கிற மற்ற வியாதிகளை எல்லாம் மாத்திரை கட்டுக்குள் வைத்திருக்கிறது. இந்தக் கோபத்துக்கு மட்டும் மருந்தில்லை. யாராவது உலக வரைபடத்தை விரித்தால் போதும், ஏறிவிடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பென்னாகரத்தில் ஏழாவது படித்தேன். அப்பாவுக்குக் காட்டு ஆபீசில் தினக்கூலிக்கு வாட்சர் வேலை. காட்டை விட்டு ஊருக்குள் குடிவந்த இருளர் குடும்பம் நாங்கள். அம்மாவின் அண்ணன், என் மாமன், பெண்டு பிள்ளைகளோடு இன்னும் காவிரி ஓரத்துக் காட்டுக்குள்தான் இருந்தார். வீட்டுக்குள் எங்கள் பேச்சு, வாசற்படி தாண்டினால் தமிழ். இது அப்பா போட்ட சட்டம். சரியாக வாசற்படி மேல் நிற்கும்போது எதைப் பேசுவது என்று நான் விழித்ததுண்டு.

பள்ளிக் கண்காட்சிக்குப் புவியியல் டீச்சர் ஒரு யோசனை சொன்னார். மைதானத்தில் கோலப்பொடியால் உலக வரைபடம் போட வேண்டும், மொழிக்கு ஒரு நிறம். அவர் சேலத்திலிருந்து கொண்டுவந்த அட்லசில் ஆஸ்திரேலியாவும் அமேசானும் அம்மை போட்ட உடம்பு மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தன.

“அத்தனையும் பூர்வகுடி மொழிங்க. பாவம், அழிஞ்சிக்கிட்டே வருது” என்று டீச்சர் உருகினார். நாங்களும் உருகினோம். ஆஸ்திரேலியா ஒரு பாய் அகலம். கொட்டாங்குச்சியில் கலர்ப்பொடியை வைத்துக்கொண்டு, பேர்கூட வாயில் நுழையாத ஜனங்களுக்காக நான் முதுகொடியப் புள்ளி வைத்தேன். தமிழ்நாடு உள்ளங்கை அகலம்தான், முழுக்கப் பச்சை.

“டீச்சர், நாங்க வூட்ல பேசறதுக்கு என்னா கலருங்க?”

“என்ன பேசறீங்க? பேசு, பாக்கலாம்.”

ஒரு வாக்கியம் பேசிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை, அதுதான் மோசம். என் தலையைத் தடவி, “அது மொழி இல்லம்மா. காட்டுல இருந்து இருந்து தமிழ் கெட்டுப்போயிருக்கு. நீயும் பச்சையிலதான் இருக்கே, போ” என்றார்.

ஆஸ்திரேலியக் காட்டில் பேசினால் மொழி, பென்னாகரத்துக் காட்டில் பேசினால் கெட்டுப்போன தமிழ். கெட்டுப்போவதற்கு அதென்ன நேற்று வடித்த சோறா?

அன்று சாயங்காலம் எல்லோரும் போனபின் வீட்டுக்கு ஓடி, பானையிலிருந்து ராகி மாவை அள்ளி வந்தேன். டீச்சரின் டப்பாக்களில் இல்லாத நிறம் வேண்டுமென்று அதை எடுத்தேன். மாமன் இருக்கும் இடம் இதுதான் என்று குறிபார்த்து ஒரு சிட்டிகை வைத்தேன். அந்தச் சிட்டிகைக்குள் சேலமும் பெங்களூரும் சேர்ந்து அடங்கிவிட்டன. எந்த ராஜாவும் இவ்வளவு சுலபமாக நாடு பிடித்திருக்க மாட்டான்.

பள்ளிக்கூடத்துப் பொடி கல்லை அரைத்த மாவு, எறும்பு சீந்தாது. நான் வைத்ததோ தின்கிற மாவு. மறுநாள் காலை உலக மொழிகளிலேயே எங்களுடையது மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. கறுப்பாக மொய்த்த கூட்டத்திலிருந்து ஒரு வரிசை மாவைத் தூக்கிக்கொண்டு, அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று.

பரிசு கொடுக்க வந்த சிறப்பு விருந்தினர் அப்பா ஆபீசின் ரேஞ்சர். அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னால் அப்பா. ரேஞ்சர் மற்ற கண்டங்களை எல்லாம் விட்டுவிட்டு நேரே எறும்புகளின் மேல் குனிந்தார்.

“இங்க என்னம்மா இருக்கு, தனியா?”

டீச்சர் விழித்தார். நான் முந்திக்கொண்டேன். “சார், அங்கதாங்க எங்க மாமன்…”

குடை கீழே விழுந்தது. அப்பா வெறுங்காலால் ஒரு தேய் தேய்த்தார். சிட்டிகை, எறும்பு, தமிழ்நாட்டின் வடக்குப் பாதி எல்லாம் கலந்து சேறு நிறமாயிற்று.

“பசங்க தின்ற மாவு சிந்திடுச்சிங்க சார். அங்க ஒண்ணுமில்லீங்க.”

ரேஞ்சர் நகர்ந்துபோய் ஆஸ்திரேலியாவைப் பாராட்டினார்.

வீட்டில் நான் போட்ட கூச்சலுக்குத் தெருவே எட்டிப் பார்த்தது. டீச்சருக்குத் தெரியாது, மன்னிக்கலாம். இந்த ஆளுக்குமா தெரியாது? “நீயே காலால அழிச்சிட்டியே!” என்று கத்தினேன். அப்பா கால் விரலிடுக்கில் ஒட்டிய பச்சைப் பொடியைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மாதான் எங்கள் பேச்சில் கேட்டாள், அந்த இடத்தை ரேஞ்சருக்கு ஏன் காட்டினாய் என்று. நான் மொழிக்குச் சண்டை போட்டால் இவள் இடத்தைப் பற்றிக் கேட்கிறாளே என்று அவள்மேலும் எரிந்து விழுந்தேன்.

இனி அப்பாவிடம் தமிழைத் தவிர எதுவும் பேசுவதில்லை என்று சபதம் செய்தேன். வாசற்படியோடு நின்ற அவருடைய சட்டத்தை அடுப்படி வரைக்கும் நானே கொண்டுவந்து சேர்க்கிறேன் என்பது அந்தப் புரட்சிக்காரிக்கு உறைக்கவில்லை.

காட்டு ஆபீசில் ரேஞ்சர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு வரைபடம் தொங்கும். பள்ளிக்கூடம் போகாத அப்பா அதைத் தினமும் துடைப்பார். அதில் பென்சிலால் வட்டம் போட்ட இடத்தில் கொஞ்ச நாளில் குடிசை இருக்காது. நாங்கள் முன்பு இருந்த இடத்தையும் அப்படி ஒரு வட்டம்தான் காலி செய்தது. பிழைக்க வந்தோம் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். மாமன் இருந்த பக்கம் அதுவரை பென்சில் போகவில்லை.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. தெரிந்தபின் கோபம் வேறு ஆளைத் தேடிக்கொண்டதே தவிர, இறங்கவில்லை. அன்று ரேஞ்சர் குனிந்து கேட்டபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: பரிசு நமக்குத்தான்.