எரியாத புண்

என் வீட்டுக்காரர் முடி வெட்டுகிறவர். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்து போகும்வரை அவருக்கு வாய் ஓயாது. சர்க்கரை வந்து பதினோரு வருஷம் ஆகிறது. நான் கத்தினால்தான் மாத்திரை உள்ளே போகும். கத்திக் கத்தி எனக்கே அலுத்துவிட்டது.

போன மாதம் சவரக்கத்தி அவருடைய வலதுகை மோதிர விரலில் லேசாகக் கீறியது. இந்தத் தொழிலில் இதெல்லாம் சகஜம். கீறல் ஆறியதா என்று பார்க்க அவரிடம் ஒரு சோதனை உண்டு. சவரம் முடிந்ததும் முகத்தில் தடவும் லோஷனில் இரண்டு சொட்டு விடுவார். எரிந்தால் ஆறவில்லை, எரியாவிட்டால் ஆறிவிட்டது. முப்பது வருஷமாக ஊரார் தாடைகளில் பார்த்துத் தெரிந்துகொண்டது.

இந்த முறை மறுநாளே எரியவில்லை.

“பாத்தியா, ஒரே நாள்ல ஆறிடுச்சு!” என்று விரலை என் மூக்குக்கு நேராக நீட்டினார். நானும் நம்பித் தொலைத்தேன். ஒரு வாரத்தில் விரல் வீங்கிப் பளபளத்தது, உள்ளங்கை சிவந்தது. வலி இல்லையாம், வெறும் வீக்கமாம். அதே கையோடு கடைக்குப் போனார். நுனி கறுத்த பிறகுதான் நான் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், பார்க்கவே களைத்திருந்தார். “சர்க்கரை நரம்பைக் கெடுத்திருக்கு. அதான் உங்களுக்கு எரிச்சலே தெரியல. விரல இன்னைக்கே எடுத்தா கை தப்பிக்கும்” என்றார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “மோதிர விரல்தானே, அதுக்குப் பெருசா வேலை ஒண்ணும் கிடையாது” என்று ஆறுதல் சொன்னார்.

கத்தரியின் ஒரு வளையத்தில் கட்டைவிரல், இன்னொன்றில் மோதிர விரல். எங்கள் பிழைப்பே அந்த இரண்டு விரலில்தான் ஓடுகிறது. இதோ பேசப்போகிறார் என்று காத்திருந்தேன். கிருதாவின் உயரத்துக்கே அரைமணி நேரம் வாதாடுகிற மனுஷன்.

“சரிங்க டாக்டர், எடுத்துடுங்க” என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏங்க, ஊர்க்கதையெல்லாம் பேசுற வாய்க்கு இன்னைக்கு என்ன ஆச்சு? கத்தரி அந்த விரல்லதான் நிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

அவர் பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தார்.

“சொன்னா வேற விரலையா எடுப்பாரு? விடும்மா. வெட்டப் போறவருக்குக் கை நடுங்கக் கூடாது.”