குதிரை நிற்கும் ஓசை

கல்லாற்றில் எங்கள் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தேன். பொன்முடி மலையிலிருந்து இறங்கிய பனி தோட்டத்தை மூடியிருந்தது. மரங்கள் நின்ற இடத்தில் அவற்றின் சாயல்தான் தெரிந்தது. சற்றுத் தள்ளி என் கணவர் தன் அப்பா காலத்துத் துப்பாக்கியை மடியில் வைத்திருந்தார். குழல்வாய் வழியாக மருந்தைப் போட்டு இடிக்கிற பழைய ரகம். அந்திக்கு மரவள்ளியைத் தோண்ட வரும் காட்டுப்பன்றிகளைச் சத்தம் காட்டி விரட்டுவதற்காக, குண்டில்லாமல் மருந்தும் நாரும் மட்டும் அடைத்து வைத்திருந்தார்.

அது வெடித்த சத்தம் எனக்கு நினைவில்லை. தலைக்கு மேல் ஓடு சிதறி, சிவப்புத் தூள் மிளகின் மேல் மெல்ல மெல்ல இறங்கியதுதான் நினைவிருக்கிறது. புகை எது, பனி எது என்று தெரியவில்லை.

"நான் விசையைத் தொடவே இல்ல" என்றார் அவர். முகம் வெளுத்திருந்தது.

"இது இந்த வீட்டுல இருந்தா நான் இருக்க மாட்டேன்" என்றேன்.

இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அவரே வந்து, "துப்பாக்கியோட லாக்கை மாத்திரலாம். நீயும் கூட வா" என்றார்.

துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிப் பின் சீட்டில் கிடத்தினோம். ஒவ்வொரு வளைவிலும் யாரோ தூக்கத்தில் புரள்வது போல அது அசைந்தது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

நகரத்தில், ஆரியசாலையின் மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பின்னால் ஒரு மாடியில் துப்பாக்கி பழுது பார்க்கிறவர் இருந்தார். லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கவாட்டுத் திருகுகளைக் கழற்றி லாக்கை வெளியே எடுத்தார். உள்ளங்கை அளவு இரும்புத் தகடு. அதில் ஒரு வில், ஒரு பல், மேலே மருந்தைப் பற்றவைக்க அடிக்கும் குதிரை.

"சாரே, பல்லு தேஞ்சு போச்சு. குதிரையை பாதி இழுத்து விட்டா அங்கயே நிக்கணும். இது நிக்காது கேட்டோ. பழசை நன்னாக்கீட்டு காரியமில்ல, புதுசு வைக்கலாம்."

சில வாரம் கழித்துப் போனபோது வேலை முடிந்திருந்தது. புதுத் தகடு உட்காரும்படி மரத்தைக் கொஞ்சம் செதுக்கியிருந்தார். கீழே கடைகளிலிருந்து மல்லியும் வத்தலும் கலந்த வாசனை ஏறி வந்தது.

"கேளுங்க. முதல் கிளிக் பாதி, அது சேஃப். ரெண்டாவது கிளிக் முழுசு. முதல் கிளிக் கேக்காம கையை எடுக்கவே கூடாது."

பழுது பார்க்கிறவர் குதிரையை மெதுவாக இழுத்தார். என் கணவர் தலையாட்டினார். ஓசை அதற்குப் பிறகுதான் வந்தது. இன்னொரு முறை இழுத்துக் காட்டியபோது, ஓசை வந்து முடிந்து வெகுநேரம் கழித்துத் தலையாட்டினார்.

திரும்பும் வழியில் ஆற்றோரம் ஒரு கடையில் சாயா குடித்தோம். மழை நின்று பாறைகளிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவர் கையைத் தொட்டேன்.

"உங்களுக்கு அந்தக் கிளிக் கேக்கல்ல, அல்லே?"

அவர் ஆற்றைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆறு ஓடுறது கேக்குது."

"உண்மையாவா?"

"பாத்துட்டே இருந்தா கேக்குற மாதிரி இருக்கு" என்றார். "எப்ப போச்சுன்னு தெரியல்ல. கொஞ்சம் கொஞ்சமா போச்சு. நீ பேசறது உன் உதட்டைப் பாத்தாலே தெரியும். அதனால சொல்லத் தோணல்ல."

அவரோடு சண்டை போட்ட நாட்களில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசிய பேச்செல்லாம் எங்கே போயிருக்கும் என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. சாயா ஆறிப்போயிற்று. இன்னொன்று வாங்கிக் கொடுத்தேன்.

காது டாக்டரிடம் போனோம். மெஷின் வந்தது. வெடிக்கும்போது மட்டும் அதைக் கழற்றி வைக்க வேண்டும். அதனால் நாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் குதிரையை இழுப்பார். நான் பின்னால் நின்று கேட்டு, ஓசை வந்ததும் அவர் தோளை ஒரு முறை அழுத்துவேன்.

ஐப்பசியில் ஒரு அந்தி, பன்றிகள் வந்தன. பனிக்குள் கறுப்பாக நாலைந்து முதுகுகள் மிதந்தன. முதல் ஓசை. அழுத்தினேன். இரண்டாவது ஓசை. மறுபடி அழுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டேன். அவர் வானத்தைப் பார்த்துச் சுட்டார். மலை அந்தச் சத்தத்தை வாங்கி, வேறெங்கோ கொண்டுபோய் வைத்தது. முதுகுகள் கரைந்துபோயின.

புகை விலகியதும் இறங்கிப் போய்ப் பார்த்தோம். இரண்டு மூடு மரவள்ளிச் செடியைத்தான் கிளப்பியிருந்தன. கடிபடாத கிழங்குகளைப் பொறுக்கி, மடியில் கட்டிக்கொண்டு வந்து ராத்திரிக்கு அவித்தேன்.