அம்மா அனுப்பிய கார் இடப்பக்கம் இழுத்தது

ரிமோட் கார் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு அதை எடுத்து முகர்ந்தால், சூடேறிய மோட்டரின் மணமும் புது ரப்பரின் மணமும் கலந்து வரும். அந்த வயதில் எனக்குக் குவைத் என்றால் அந்த மணம்தான். அங்கே ஒரு வீட்டில் வேலை செய்த அம்மா, தான் ஊருக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்னால், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்த ஒரு அக்காவிடம் அந்தச் சிவப்புக் காரைக் கொடுத்தனுப்பியிருந்தாள். அம்மா குவைத்துக்குப் போனபோது எனக்கு நான்கு வயது, கார் வந்தபோது எட்டு.

அம்மாவின் குரல் போனில் பழக்கம், முகம் போட்டோவில் பழக்கம். ஆளாக எதிரே வந்து நின்றால் என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. "ஓடிப்போயி அம்மாவக் கட்டிப் புடிச்சிக்கணும், என்னா?" என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் சொல்லச் சொல்ல நான் அப்பாவின் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். 'வாங்க அம்மா' என்று எழுதிய அட்டையைக் காரின் மேல் கட்டி, பதுளை ஸ்டேஷனில் அவள் காலடிக்கு ஓட்டிவிடுவது. கார் போய்விட்டால் நான் போகவேண்டியதில்லை.

ஆனால் கார் நேராகப் போனால்தானே! தோட்டத்தில் மட்டமான தரை என்று நாங்கள் நம்பியது, காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் 'பெரட்டுக் களம்' ஒன்றைத்தான். அங்கே சுண்ணாம்பால் கோடு போட்டு ஓட்டினால், பாதித் தூரத்திலேயே கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் ஓரத்து வடிகாலான கானில் விழுந்தது.

அப்பா தோட்டத்து லொறி டிரைவர். பார்த்த உடனே "வீல் எலைன்மென்ட் அவுட்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். காரைக் கவிழ்த்துப்போட்டு, சக்கரங்களின் ஓரமாக நூல் பிடித்துப் பார்த்தார். நூல் எல்லாம் சரி என்றது. "நூலு பொய் சொல்லும் பாப்பா, ரோடு பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டு, காரின் வயிற்றில் இருந்த சின்ன நெம்பை வலப்பக்கம் தள்ளினார். அது போதாமல், முன்சக்கரங்களை இணைக்கும் கம்பியைக் குறட்டால் கடுகளவு வளைத்தார். அதுவும் போதாமல் இன்னொரு கடுகளவு. பெட்டரி தீர்ந்துவிடும் என்று திரும்பும்போது காரைக் கையில் தூக்கிக்கொண்டுதான் வருவோம். ஓட்டியதெல்லாம் ஒரே திசையில். மூன்றாவது ஞாயிறு, கோயில் முடிந்து வந்து ஓட்டியபோது கார் சுண்ணாம்புக் கோட்டிலிருந்து ஒரு விரல்கூட விலகவில்லை. அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அம்மா வருவதில் அவருக்கும் ஒரு பதற்றம் இருந்தது. இப்போது யோசித்தால்தான் அது எனக்குத் தெரிகிறது.

அம்மா வரும் நாளும் வந்தது, பதுளைக்கு ரயிலும் வந்தது. இரண்டு பைகளுடன் இறங்கியவள் போட்டோவைவிட மெலிந்திருந்தாள். அட்டை கட்டிய காரைப் பிளாட்பாரத்தில் வைத்து விசையை அழுத்தினேன். நாலடி ஒழுங்காகப் போன கார் வலப்பக்கம் திரும்பி, பிளாட்பாரத்தின் மறுபக்கம் காலியாகக் கிடந்த தண்டவாளத்தைப் பார்த்து ஓடியது. நான் அலறிக்கொண்டு அதன் பின்னால் பாய்ந்தேன். அம்மா பைகளைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே ஓடி வந்தாள். கார் கீழே விழுந்தது, நான் அவள் மேல் விழுந்தேன்.

அவள் விடவே இல்லை. "பாத்தீங்களா, புள்ள எப்புடி ஓடி வந்துச்சுன்னு!" என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன், முதலில் காருக்காக. பிறகு எதற்கென்று தெரியாமல்.

வீட்டுக்கு வந்த பிறகுதான், "கடையில ஓட்டிப் பாத்துத்தானே வாங்குனேன், நேராத்தானே போச்சு" என்றாள். மறுநாள் அப்பா பெரட்டுக் களத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் முழுவதும் இடப்பக்கம் ஓடிக் கானில் இறங்கியது. சாய்ந்திருந்தது தரை, நல்ல காரைத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கோணலாக்கியிருந்தோம். மழைக்கு மழை களத்துத் தண்ணீர் அப்படி ஓடுவதைப் பார்த்தவர்கள்தான் நாங்கள்.

இப்போது அந்தக் களத்தை மட்டப்படுத்திக் கொங்கிறீட் போட்டுவிட்டார்கள். கார் எப்போது தொலைந்தது என்று நினைவில்லை. அப்பாவும் போய்விட்டார். அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி. என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, "ஒங்கம்மா அன்னைக்கி என்னயப் பாத்ததும் ஓடியாந்து கட்டிப் புடிச்சா" என்று எத்தனையாவது தடவையோ சொல்கிறாள். நான் காரைப் பிடிக்க ஓடியது அப்பாவுக்குத் தெரியும்; அவர் கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.