எலியாவுக்கு ஒரு கோப்பை

அன்று மாலை எங்கள் தீவில், ஷாதிபூரில் இருக்கும் எங்கள் கெஸ்ட் ஹவுஸ் சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள்: இஸ்ரேலில் இருந்து வந்த பதினோரு விருந்தாளிகள், சமையல் பார்க்கும் லில்லி சேச்சி, ஃப்ரண்ட் ஆபீஸ் பார்க்கும் நான். இல்லாதவர்கள் இருவர். முதலாளி காதர் பாய் மஃரிப் தொழுகைக்குப் போயிருந்தார், இரவுத் தொழுகையும் முடித்துத்தான் வருவார். அந்த இரவில் யூதர்கள் எதிர்பார்க்கும் இறைவாக்கினர் எலியா வந்திருக்கவில்லை. அவருக்கும் மேசையில் ஒரு கோப்பை நிறைத்து வைத்திருந்தார்கள்.

வந்துசேராத சாமானும் உண்டு. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தப்பியதை நினைக்கும் அவர்களுடைய பாஸ்கா விருந்துக்கான புளிப்பில்லா அப்பம் இருந்த பெட்டிகள் சென்னை ஏர்போர்ட்டிலேயே நின்றுவிட்டன.

காலையில் அது தெரிந்ததும் குழுவின் தலைவி மிரியம் மேடம் ரிசப்ஷனுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். காதர் பாய் என்னைத் தனியே கூப்பிட்டார். "டேய் சகாயம், இந்த குரூப் குஷியா போகணும். போனா நீ பெர்மனென்ட். கம்ப்ளெயிண்ட் வந்துச்சு, பஸ், அவ்வளவுதான், உங்கப்பாகூட சாத்தம் ஜெட்டில கப்பல் மூட்டை தூக்கு."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் கால் வைத்த முதல் ஆள் நான். தேவாலயத்து மறைக்கல்வி வகுப்பிலும் முதல் பரிசு வாங்கியவன். இயேசுவின் கடைசி இரவு உணவு பாஸ்கா விருந்துதான் என்பது எனக்கு மனப்பாடம். அதனால் துணிந்து சொன்னேன்: "மேடம், கவலை வேண்டாம். அதே அப்பம் எங்களிடமும் இருக்கிறது."

அதற்குக் காரணம் லில்லி சேச்சி. கோட்டயத்திலிருந்து இங்கே குடியேறிய குடும்பம். பெரிய வியாழனன்று, அந்தக் கடைசி இரவு உணவின் நினைவாக, அவர்கள் வீட்டில் புளிக்க வைக்காத மாவில் பெசஹா அப்பம் செய்வார்கள். அந்த ஆண்டு யூதர்களின் பாஸ்கா அதே வாரத்தில், ஒரு நாள் முன்னதாக வந்தது. சேச்சி சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். "நம்ம கர்த்தாவும் அவங்க ஆளுதானே மோனே!"

இங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். விளக்கேற்றி எல்லோரும் உட்கார்ந்த பிறகு, சேச்சி தட்டை மூடியபடி கொண்டுவந்து நடுவில் வைத்தார். நான் மூடியை எடுத்தேன்.

அப்பத்தின் மேல் குருத்தோலைச் சிலுவை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலை. அவர்கள் வீட்டு வழக்கம் அது. அடுக்களையில் சேச்சி அதை வைத்தபோது, "அழகா இருக்கு" என்று சொன்னவன் நான்தான்.

ஒரு பெரியவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மிரியம் மேடம் என்னை வராந்தாவுக்கு அழைத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன்.

"நீ சொல்ற அந்தக் கடைசி விருந்துல உக்காந்தவங்க எல்லாரும் யூதர்கள். அந்த மேசையில சிலுவை இல்ல தம்பி. அது அடுத்த நாள் வந்தது."

மறைக்கல்வியில் இதை இப்படி யாரும் வரிசைப்படுத்திச் சொன்னதில்லை.

"உங்களுக்கு மெசியா வந்துட்டார். நாங்க இன்னும் காத்திருக்கோம். அவருக்கு முன்னாடி வர்ற எலியாவுக்காக இன்னிக்குக் கதவைத் திறப்போம். ஆனா எங்க பாட்டி ஊர்ல, உங்க பெரிய வெள்ளி வந்தாலே கதவை இறுக்கி அடைச்சிருவாங்களாம். சிலுவை தூக்கிட்டு வர்ற கூட்டம், இயேசுவைக் கொன்னவங்கன்னு எங்க வீடுகள்ல கல் எறியும்."

பின்னால் நின்ற சேச்சி உள்ளே போய் ஓலையை எடுத்துவந்து கண்ணில் ஒற்றி, முந்தானையில் முடிந்துகொண்டார். "நான் அறிஞ்சில்ல மேடம்" என்றார். அது எந்த மொழியென்று மேடத்துக்குத் தெரியாது. ஆனாலும் சேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சிக்கல் அதோடு தீரவில்லை. சேச்சியின் அப்பம் அரிசியும் உளுந்தும். அவர்களுக்குக் கோதுமை வேண்டும். ஸ்கூட்டரில் பஜாருக்குப் பறந்தேன். புளித்த மாவு படாத புது தவா, புதுப் பலகை, புதுத் தட்டுகள், ஆட்டா. "முறைப்படி பார்த்தா இந்த மாவும் சரியில்ல. எகிப்தை விட்டு ஓடினவங்களும் கையில கிடைச்ச மாவைத்தான் சுட்டாங்க" என்று மேடம் கையைக் கழுவிக்கொண்டு அடுக்களைக்குள் வந்தார்.

மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து பதினெட்டு நிமிடத்துக்குள் சுட்டு எடுக்க வேண்டுமாம், இல்லையென்றால் புளித்ததாகக் கணக்காம். மேடம் பிசைய, சேச்சி தேய்க்க, நான் முள்கரண்டியால் குத்திக் குத்தித் தவாவில் போட்டேன்.

"உப்புகூட இல்லாமயா?"

"உப்பும் இல்ல சேச்சி, எண்ணெயும் இல்ல. சீக்கிரம்!"

"ஜாடிக்கு, புதருக்கு ஒதுங்கப் போற அவசரம் பாரு" என்று சிரித்தார் சேச்சி. நானும் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

எழுந்து போன பெரியவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். சாப்பாடு முடிந்ததும் மேடம் என்னைப் பார்த்து, "கதவை நீயே திற" என்றார்.

திறந்தேன். வாசலில் தொப்பியும் கையுமாக காதர் பாய். எல்லோரும் எழுந்து நின்று அவரையே பார்த்தார்கள். பாய் மிரண்டுவிட்டார். "க்யா ஹுவா? யாரைடா தேடுறாங்க?"

"எலியாவை, பாய்."

"இல்யாஸ் நபியையா? அவர் எங்களுக்கும் நபிதான். ஆனா நான் காதர், தம்பி!"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் முதலில் சிரித்தவர் அந்தப் பெரியவர்தான்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். விருந்தாளியிடம் "எங்களிடமும் இது இருக்கிறது" என்று சொல்லுமுன், "உங்களிடம் இது எப்படி?" என்று கேளுங்கள். வேர் ஒன்று என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது கிளை பிரிந்த பிறகு நடந்ததை நான் கேட்கவே இல்லை.

மறுநாள் பாய் சொன்னார்: "வேலை பெர்மனென்ட். தவா, தட்டு, மாவுச் செலவு உன்னோடது." சிலுவை வைத்தது தான்தான் என்று சேச்சி பாதியை ஏற்றுக்கொண்டார்.

ஆளுக்கு ஆயிரத்து நானூற்று இருபது ரூபாய்.