அரியலூர் வழியே பெரம்பலூர்: ஒரே வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்

யுத்தம் முடிந்துவிட்டது, ஆனால் அந்தப் பக்கத்து பஸ்களுக்கு இன்னும் அது தெரியவில்லை, பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில்தான் ஓடுகின்றன. அப்படியொரு மாசி மாதத்தில் சென்னையிலிருந்து பெரம்பலூர் போனேன். அங்கே மாற்றலாகிப் போகிறவர்களும், முக்கியமாகப் புருஷனை அங்கே அனுப்பிவிட்டுச் சென்னையில் தவிக்கிறவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

என் உத்தியோகத்துக்குப் பெயர் கம்ப்யூட்டர். கணக்குப் போடும் ஆள் என்று அர்த்தம். பென்சிலும் லாகரிதப் புத்தகமும் தவிர வேறு ஆயுதம் கிடையாது. என் வீட்டுக்காரரும் கம்ப்யூட்டர்தான். கல்யாணமான மறுமாதமே அவரைப் பெரம்பலூருக்கு அளவெடுக்க அனுப்பிவிட்டார்கள். ஆசை அறுபது நாள் என்பார்கள்; எங்களுக்கு அதில் பாதிகூடச் சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லை.

எங்கள் காலேஜ் ஆராய்ச்சிக்கூடத்தில், எங்கள் புரொபசர் தலைமையில், தரையில் இரும்புக் குச்சிகளை அடித்து, மின்சாரம் செலுத்தி அளந்து, சுண்ணாம்புக்கல் எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது என்று தோண்டாமலே கணக்கிடும் முறை ஒன்றைச் செய்திருந்தார்கள். சிமென்ட் தொழிற்சாலை கட்ட நினைத்த ஒரு கம்பெனி அதை நம்பித் துளையிடும் யந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கியது. அளவுகள் தபாலில் சென்னைக்கு வரும். அங்கே நானும் இன்னொரு கம்ப்யூட்டரும், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், தனித்தனியே கணக்குப் போடுவோம். இரண்டு விடையும் ஒத்தால்தான் துளை போடலாம். தபால் போய் வருவதற்குள் யந்திரம் சும்மா நிற்கும், கம்பெனிக்காரர்கள் புரொபசரைப் பிடுங்கி எடுப்பார்கள். ஆகவே கணக்கையும் பெரம்பலூரிலேயே போட்டால் என்ன என்று ஒரு சோதனை. அளப்பது, கணக்கிடுவது, துளைப்பது மூன்றும் ஒரே வண்டியாக ஓட வேண்டும். ஓடினால் எனக்கு அங்கேயே வேலை, அவரோடு ஒரே வீடு. ஓடாவிட்டால் மறுபடி சென்னை ஹாஸ்டலும் அந்த ரசமும்.

ராத்திரி எழும்பூரில் ரயில் ஏறினால் விடியற்காலை அரியலூர். நூற்றறுபது மைலுக்குக் கொஞ்சம் மேலே. மூன்றாம் வகுப்பில் உட்கார இடம் கிடைத்தால் பூர்வஜன்ம புண்ணியம். ஸ்டேஷன் வாசலில் காப்பி என்று ஒன்று தருகிறார்கள். சூடாக இருக்கிறது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து பெரம்பலூர் இருபது மைல், பஸ்ஸுக்குப் பத்தணா. நான் கடைசிப் பெஞ்சில் உட்காரப் போனபோது கண்டக்டர், "பின்னாடி வாணாங்கம்மா, கரி அடிக்கும். முன்னாடி வாங்க," என்றார். மகராசன், நன்றாக இருக்கட்டும். ஒரு மேட்டில் வண்டி மூச்சு வாங்கி நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். சுற்றிலும் கருப்பு மண், அறுவடை முடிந்த சோளத் தட்டை, தூரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பாறை. இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

அவர் பஸ்ஸடியில் நின்றிருந்தார். இளைத்திருந்தார். "சாப்ட்டியா?" என்று கேட்டு என் பெட்டியை வாங்கிக்கொண்டார். வாடகைக்குப் பிடித்திருந்த ஓட்டு வீட்டில், என் புடவை தரையில் புரளாத உயரத்துக்கு ஒரு கொடி கட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் இந்த வீட்டை விட்டு நான் போக மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் புரொபசர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். எங்களை ஆளுக்கொரு அறையில் போட்டுக் கதவைச் சாத்தி, ஒரே அளவுகளைக் கொடுத்தார். இங்கேதான் ஒரு சங்கதி. என் வீட்டுக்காரருக்கு வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொன்னால்தான் கூட்டல் வரும். பள்ளிக்கூடத்தில் முதுகில் அடித்துப் பழக்கியது, லேசில் போகுமா? அந்த ராகத்தில்தான் நான் முதலில் மயங்கியதே. இரண்டு அறைக்கும் நடுவே இருந்த சுவரோ ஓடு வரை எட்டவில்லை.

மத்தியானம் புரொபசர் இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடைசி இலக்கம் வரை அச்சாக ஒன்று. அவர் முகம் மலர்ந்துவிட்டது, துளை போடக் கையெழுத்திடப் பேனாவை எடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே இரண்டு தாளையும் இழுத்துக் கடைசி இலக்கங்களைப் பார்த்தேன்.

"சார், இது இவ்வளவு ஒத்துப்போகக் கூடாது," என்றேன்.

"என்னம்மா சொல்றே?"

"என் லாகரிதப் புஸ்தகம் அஞ்சு இலக்கம், அவங்களது ஏழு. கடைசியில கொஞ்சமாவது தள்ளியிருக்கணும். சுவத்துக்கு மேல அவங்க சொல்றது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் கணக்குப் போடலை சார், காதுல விழுந்ததை எழுதியிருக்கேன்."

என் வாயாலேயே என் வீட்டைக் கலைத்துக்கொண்டேன்.

யந்திரம் நின்ற கொட்டகை அரை மைல் தள்ளி இருக்கிறது. என்னை அங்கே உட்காரவைத்து மறுபடி போடச் சொன்னார் புரொபசர். என் விடை வேறாக வந்தது, அதுவும் பல அடி வேறாக. தேடியதில் என் வீட்டுக்காரர் ஒரு கூட்டலில் வரி தாண்டியிருந்தார். பின்னாலேயே நானும் தாண்டியிருந்தேன். புரொபசர் கோபிக்கவில்லை. முறை சரி, வீடுதான் சரியில்லை என்றார். இரண்டு கம்ப்யூட்டரும் காதுக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும்: ஒருவர் பெரம்பலூர், ஒருவர் அரியலூர், தாள்கள் தினமும் பஸ்ஸில்.

திரும்பி நடக்கும்போது இவர், "பேசாம இருந்திருக்கலாம்ல நீ," என்றார். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. கொஞ்ச தூரம் போய் அவரே, "இல்ல, சொன்னதுதான் சரி. தப்பான எடத்துல துளை போட்டுருப்பாங்க. நூத்தறுபது மைலு இருபதாச்சு, அழுவாத," என்றார். நடுத்தெருவில் நின்று நன்றாக அழுதேன்.

போகிறவர்களுக்கு: வெளிர்நிறப் புடவை வேண்டாம். குடிக்கத் தண்ணீர் கையோடு இருக்கட்டும். கடைசி பஸ்ஸை நம்பிக் கிளம்பாதீர்கள், அது வந்தால்தான் வந்தது. தம்பதியாக வேலைக்குப் போகிறவர்கள் வாடகை பேசுமுன் சுவர் ஓடு வரை இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

நான் அரியலூரில் இருக்கிறேன். போன சனிக்கிழமை என் விடையையும் தன் விடையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு இவரே வந்தார். இரண்டையும் என் மடியில் வைத்தார். எல்லாம் ஒத்திருந்தது, கடைசி இலக்கத்தில் மட்டும் மூன்று வித்தியாசம். அந்த மூன்றை விரலால் தொட்டுக் காட்டி, "இதான் நீ," என்றார்.