குலசிங்கம் மச்சான் தந்த அரை நிறை

குலசிங்கம் மச்சான் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு வீட்டிலிருந்து வரவில்லை, நாவலடிக் குடியேற்றத்திலிருந்து வந்தது. புளியங்குளம் சந்தியில் உழவு இயந்திரத்துக்கு ரயர் மாற்றிக்கொண்டு நின்றேன். தொலைபேசியில் நாவலடிச் சலீம் நானா. அழுதழுதுதான் சொன்னார். அவர்களுடைய அறுவடையைப் பார்க்கப் போன மச்சான், தேத்தண்ணீரைக் கையில் வாங்கியபடியே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்துவிட்டாராம்.

அவர் என் தங்கையின் கணவர். நினைவு மலருக்கு எழுதித் தரும்படி தங்கைதான் கேட்டாள். கேட்டுவிட்டு, “அண்ணை, கொஞ்சம் குறைச்சு எழுதுங்கோ,” என்றும் சொன்னாள். என்னை அறிந்தவள். ஆனால் சங்கத்து உறவுகளே, அந்த மனிதரைக் குறைத்து எழுத இந்த வன்னியில் யாருக்குக் கை வரும்?

வவுனியாவில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் எழுதுவினைஞராக இருந்தவர், ஐம்பது தாண்டிய பிறகு, வரப்போகும் நட்டத்தை முன்கூட்டிக் கணக்கிடுகிற காப்புறுதிக் கணிப்பியல் படிக்கத் தொடங்கினார். எங்கள் மாகாணத்தில் அதைத் தொட்ட முதல் ஆள் அவர்தான் என்று நான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன், இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை. மற்றப் பாடங்களெல்லாம் அவருக்கு வழிவிட்டன. இழப்புப் பரம்பலும் நம்பகத்தன்மைக் கோட்பாடும் சேர்ந்து வந்த பரீட்சைத் தாள் மட்டும் திரும்பத் திரும்ப அவரை விழுத்தியது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்துவிட்டது. ஆனாலும் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து அவர் சொல்லச் சொல்ல, வவுனியா போய்ச் சேரும் முன்னமே அந்தத் தாள் எனக்குப் பாடமாகிவிட்டது.

“மயில் கொத்துறது, காட்டுப்பண்டி கிண்டுறது, இதெல்லாம் சின்ன நட்டம். அடிக்கடி வரும். யானை வாறது அருமை. வந்தால் வயலே இல்லை. அந்த அருமையா வாற பெரிய நட்டத்தை அளக்கிறதுதான் கஷ்டம் மச்சான்,” என்றார்.

யானை என்றதும், என் வயலுக்குள் வந்த கொம்பனை நான் வாலில் பிடித்து வரம்புக்கு வெளியே இழுத்து விட்டதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “உம்மடை கதைக்கு அரை நிறைதான் குடுப்பன். மிச்ச அரையை ஊரிட்டைக் கேப்பன்,” என்றார். பிறகு, அதுதான் நம்பகத்தன்மைக் கோட்பாடு என்றார். ஒருவருடைய சொந்த அனுபவம் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குத்தான் அதை நம்ப வேண்டும்; குறைகிற இடத்தைச் சுற்றியுள்ளவர்களின் அனுபவத்தால் நிரப்ப வேண்டும். அந்தக் கோட்பாட்டுக்கு என்னைவிட நல்ல உதாரணம் கொழும்பில்கூடக் கிடைத்திருக்காது.

எங்கள் நட்டப் பங்கீட்டுச் சங்கத்தை அறியாதவர்களுக்கு ஒரு சொல். அறுவடையில் எல்லோரும் ஒரு பங்கு நெல்லைப் பொதுக் களஞ்சியத்தில் போடுவோம். வயல் அழிந்தவனுக்கு அதிலிருந்து விதைநெல்லும் சாப்பாட்டு நெல்லும் போகும். தண்ணீரூற்றுப் பக்கம் திரும்பி வந்து குடியேறிய நாவலடி முஸ்லிம் குடும்பங்கள் சங்கத்தில் சேரக் கேட்டன. வந்த பிறகு இரண்டு போகம்தான் விதைத்திருந்தார்கள், இரண்டையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கையில் விதைநெல் இல்லை. நாங்கள் சேர்க்காவிட்டால், இடம்பெயர்ந்து வாழ்ந்த ஊருக்கே அவர்கள் மறுபடி போகவேண்டும்.

சங்கத் தலைவர் எங்கள் ஊர்க் கணக்கை வாசித்தார். நட்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. “நாவலடி விதைச்சதெல்லாம் அழியிற ஊர். உவையளைச் சேர்த்தால் களஞ்சியம் காலி,” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். சலீம் நானா வாசலில் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்.

“உந்தக் கணக்கை எங்கை நிண்டு எடுத்தனீங்கள்?” என்று மச்சான் கேட்டார்.

“வேறையெங்கை? களத்திலை.”

கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த மச்சான் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். அறுத்த நெல் குவிகிற களத்தில் எங்கள் ஆட்கள் குறைச்சொல் பேசமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வெட்டு மெசின் வந்த பிறகும் அந்த வாய்க்கட்டு மாறவில்லை. எவ்வளவு என்று கேட்டால், பெருகட்டும் என்று வாழ்த்துகிற மாதிரி ‘பொலி’ என்போம். பாதி வயலைப் பண்டி தின்றிருந்தாலும் பொலிதான்.

“களத்திலை நிண்டு நட்டம் எண்டு ஆர் சொல்லுவான்? முழுசா அழிஞ்சவனுக்குக் களமே இல்லை. அவனை ஆர் கேட்டது?” என்றார் மச்சான்.

மறுநாள் காலையில் அவரும் நானும் சந்தியில் தேத்தண்ணீர்க் கடை வாங்குப் பலகையில் போய் இருந்து, அதே ஆட்களிடம் அதே கேள்வியைக் கேட்டோம். கொட்டினார்களே! யானை, பண்டி, நோய், உடைந்த வாய்க்கால். தலைவருடைய தம்பிக்கே ஒரு போகம் முழுவதும் போயிருந்தது; வெட்கத்தில் களஞ்சியத்தில் நெல் கேட்காமல் இருந்துவிட்டாராம். நாவலடியாரிடம் நட்டத்தைக் கேட்டது பள்ளிவாசல் விறாந்தையில்; அவர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னவர்கள். நாங்கள்தான் பொலி சொன்னவர்கள்.

அடுத்த கூட்டத்தில் மச்சான் எழுந்து, “இரண்டு போகத்துக்கு இரண்டு போகத்தின்ரை நிறைதான். அதைக் கொண்டு ஒரு ஊரைத் தீர்க்கிறதோ? மிச்சத்தைச் சுத்தியுள்ள வயலுகளிட்டைக் கேளுங்கோ,” என்றார். அவர் குரல் மெல்லியது. பின்வரிசைக்கு நான்தான் எடுத்துச் சொன்னேன், மாங்குளம் வரை கேட்டிருக்கும். முதலில் கை உயர்த்தியவர் தலைவர். நாவலடி சேர்ந்தது. சலீம் நானா களஞ்சியத்து விதைநெல்லோடு வீடு போனார்.

பிறகு நடந்தது நீங்கள் எல்லோரும் கண்டது. எங்கள் குளக்கட்டு உடைந்து எங்கள் பக்கம் கடலானது. அந்தப் போகம் நாவலடியில் நெல் என் தோளுக்கு மேல் நின்றது. அவர்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் நெல் ஏற்றி வந்தபோது முன்பெட்டி களஞ்சிய வாசலில், கடைசிப் பெட்டி அடுத்த ஊரில். தலைவர், “எவ்வளவு நானா?” என்று கேட்டார்.

சலீம் நானா மூட்டையை இறக்கி வைத்து, “பொலி,” என்றார்.

அந்தக் கிழமையேதான் மச்சானைப் பலமுறை விழுத்திய தாளின் முடிவும் வந்தது. சித்தி, ஒருவழியாகத் தேறிவிட்டார். மழை ஈரத்திலும் வெடி கொளுத்தினோம். களத்தில் எடுத்த கணக்கு ஏன் பிழையானது என்பதை அவர் விடையில் எழுதியிருந்தார் என்றும், திருத்தியவர்கள் எழுந்து நின்று வாசித்தார்கள் என்றும் நான் சொல்லி வருகிறேன். உட்கார்ந்துகொண்டு வாசிக்கக்கூடிய விசயமா அது?

என்னிடம் அவர் விட்டுப்போனது அந்த அரை நிறை. நான் சொன்னதைக் கேட்டு என்னை முழுதாகத் தள்ளாதவரும் முழுதாக நம்பாதவரும் அவர் ஒருவர்தான். ஆகவே இங்கே நான் எழுதியதற்கும் அரை நிறையே கொடுங்கள். மிச்ச அரையை நாவலடியில் கேளுங்கள். களத்தில் வேண்டாம், தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

நான் குறைத்து எழுதிவிட்டேன் என்றுதான் சொல்வார்கள்.